அணுக்கழிவுக் கனியமும் வெள்ளியின் வளிமண்டலமும்: ஒரே இரசாயனவியலாளர் இரண்டிலும் வேலை செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். அதில் பாதி யுரேனியக் கனியங்களும் அணு உலைக் கழிவும். மறுபாதி வெள்ளிக் கோள், சனியின் துணைக்கோளான டைட்டன் போன்ற உலகங்களின் வளிமண்டலம். இவை இரண்டுக்கும் என்ன சம்பந்தம், ஒரே ஆள் இரண்டிலும் உருப்படியாக ஏதும் செய்ய இயலுமா, யாழ்ப்பாணத்தில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் நுழையலாமா என்று கேட்கிறார்.

இயலும், நுழையலாம். ஆனால் சம்பந்தம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளை இயக்கத் தெரிந்திருக்கும், வந்த எண் என்ன சொல்கிறது என்று தெரியாமல் போகும்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: ஒரு மூலக்கூறிலோ பளிங்கிலோ உள்ள அணுக்கள் எந்தெந்த மீடிறனில் (செக்கனுக்கு எத்தனை முறை) அதிர்கின்றன? அந்த மீடிறன்கள் கைக்கு வந்துவிட்டால் அவற்றிலிருந்து இரண்டு விடயங்கள் பிறக்கும். ஒன்று திருசியம், அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவு. செங்கீழ்க் கதிரிலோ இராமன் சிதறலிலோ எந்த இடத்தில் கோடு தெரியும் என்பதை அது சொல்லும். மற்றது வெப்ப இயக்கவியல். வெப்பக் கொள்ளளவு, எந்திரப்பி, கிப்சின் சுயாதீன சக்தி (தாக்கம் தானாக எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் அளவு) எல்லாம் அதே மீடிறன்களின் கூட்டல் கணக்கிலிருந்தே வருகின்றன. முதலாவது ஒரு பொருளை அடையாளம் காணவும், இரண்டாவது அந்தப் பொருள் அந்தச் சூழலில் நிலைத்திருக்குமா என்று அறியவும் உதவும். கழிவுக் கொள்கலனைச் சுற்றிய நிலத்தடி நீரில் ஓர் இலட்சம் ஆண்டுக்குப் பின் என்ன கனியம் இருக்கும் என்று ஒருவரும் காத்திருந்து பார்க்கமுடியாது. வெள்ளியின் தரையில் ஆய்வுகூடம் அமைக்கவும் முடியாது. ஆகவே இரு துறையினரும் இந்த இரண்டு கருவிகளையே நம்பியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது நல்லது. ஒரு சாதாரண கணிப்பான் போதும்.

காபனீரொட்சைட்டு ஒரு நேர்கோட்டு மூலக்கூறு. மூன்று அணுக்கள், ஆகவே நான்கு அதிர்வு வகைகள்: வளைவு அதிர்வு 667 (இது இரண்டு தடவை வரும்), சமச்சீர் இழுவை 1333, சமச்சீரற்ற இழுவை 2349. எல்லாம் சதமமீற்றருக்கு எத்தனை அலை என்ற அலகில்; இதுதான் அலைவெண். ஒவ்வொன்றுக்கும் 1.4388 ஐ அலைவெண்ணால் பெருக்கி வெப்பநிலையால் வகுத்து வரும் எண்ணைக் 'க' என்று வையுங்கள். 2.718 இன் மறைக் 'க' அடுக்கை 'ம' என்று வையுங்கள். வெப்பக் கொள்ளளவுக்கு அந்த அதிர்வின் பங்கு, வாயு மாறிலியின் மடங்காக, க² × ம ÷ (1 − ம)². 298.15 கெல்வினில் வளைவு அதிர்வு ஒவ்வொன்றும் 0.450 தரும், சமச்சீர் இழுவை 0.067, மற்றது 0.0015. கூட்டினால் 0.968. இடப்பெயர்ச்சி, சுழற்சி, மாறா அமுக்கம் மூன்றுக்குமாக 3.5 ஐச் சேர்த்து 8.314 ஆல் பெருக்குங்கள். மூலுக்கு 37.1 யூல் வரும். அட்டவணைகளில் உள்ள அளந்த பெறுமானமும் 37.1 தான்.

இப்போது வெப்பநிலையை 735 கெல்வினாக மாற்றுங்கள். அது வெள்ளியின் தரை வெப்பநிலை. வளைவு அதிர்வுகள் 0.869 வீதம், இழுவைகள் 0.584, 0.217. மொத்தக் கொள்ளளவு 50.2 யூலாக உயரும். இந்த ஏற்றம் கோளின் வளிமண்டலத்தில் நேரடியாகத் தெரியும். உலர்ந்த வளி மேலே எழும்போது கிலோமீற்றருக்கு எத்தனை கெல்வின் குளிரும் என்பது ஈர்ப்பை ஒரு கிலோகிராமுக்குரிய வெப்பக் கொள்ளளவால் வகுப்பது (ஒரு மூல் காபனீரொட்சைட்டு 44 கிராம்). வெள்ளியின் ஈர்ப்பு 8.87. அறை வெப்பநிலைக் கொள்ளளவைப் போட்டால் கிலோமீற்றருக்கு 10.5 கெல்வின் வரும்; 735 கெல்வினுக்குரியதைப் போட்டால் 7.8. தரைக்கு அருகில் ஆய்வுக்கலங்கள் அளந்தது ஏறத்தாழ 8. நாலு மீடிறனைத் தெரிந்த இரசாயனவியலாளர் ஒரு கோளின் வெப்பநிலை எப்படிக் குறையும் என்று சொல்கிறார். மாணவர்கள் இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மென்பொருள் பின்னர் செய்யப்போவது இதையேதான்.

பளிங்குக்கும் இதே வாய்பாடு. வித்தியாசம், சுழற்சியும் இடப்பெயர்ச்சியும் இல்லை. அலகுக் கலத்தில் எத்தனை அணுவோ அதன் மூன்று மடங்கு அதிர்வு வகைகள்.

இங்கே இலங்கையின் கல் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். 1904 இல், இலங்கைக் கனியவள ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி சப்பிரகமுவப் பக்கத்து இரத்தினக்கல் சரளைகளுக்குள் கறுப்பான, மிகப் பாரமான சதுரமுகிக் கற்களைக் கண்டெடுத்தார். அதுதான் தோரியனைற்று, தோரியம் ஈரொட்சைட்டு. இலங்கையிலிருந்து போன தோரியனைற்றிலிருந்துதான் 1905 இல் லண்டனில் ஓட்டோ ஹான் கதிர்த்தோரியம் என்னும் தோரியம்-228 ஐக் கண்டுபிடித்தார். இந்தக் கல்லின் பளிங்கமைப்பும் அணு உலைகளில் எரிபொருளாகும் யுரேனியம் ஈரொட்சைட்டின் பளிங்கமைப்பும் ஒன்றே: புளோரைற்று அமைப்பு. ஆனால் தோரியனைற்று 50 கோடி ஆண்டுக்கு மேலாகக் கரையாமல், ஆற்றுச் சரளைக்குள் உருண்டும் கெடாமல் இருக்கிறது. யுரேனியம் ஈரொட்சைட்டு ஒட்சிசன் உள்ள நீரில் சில ஆண்டுகளிலேயே மாறத் தொடங்கிவிடும். காரணம் எளிது: தோரியத்துக்கு +4 என்னும் ஒட்சியேற்ற எண்ணுக்கு மேல் போக இலத்திரன் இல்லை. யுரேனியம் +6 வரை போகும், போனதும் இரண்டு ஒட்சிசனோடு நேர்கோட்டு யுரேனைல் அயனாகி நீரில் கரையும். அணுக்கழிவுக் கனியவியல் முழுவதும் இந்த ஒட்சியேற்ற எண் மாற்றத்தின் பின்விளைவுதான்.

கரைந்த யுரேனைல் அப்படியே போய்விடாது. நீரில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப மறுபடியும் படியும். முதலில் சோப்பைற்று போன்ற ஐதரொட்சைட்டுகள். சிலிக்கா இருந்தால் சொடியைற்று. கல்சியமும் சேர்ந்தால் யுரேனோபேன். மெக்சிக்கோவின் பெனா பிளாங்காவில் உள்ள இயற்கையான யுரேனியப் படிவிலும் இதே வரிசை, அமெரிக்க ஆய்வுகூடத்தில் யுரேனியம் ஈரொட்சைட்டுக் குளிகைகளின் மேல் ஆண்டுக்கணக்காக நீரைச் சொட்டவிட்டுச் செய்த சோதனையிலும் இதே வரிசை. கல்சியமும் இருகாபனேற்றும் மிகுந்த நீரில் கதை வேறு. இரண்டு கல்சியம், ஒரு யுரேனைல், மூன்று காபனேற்று சேர்ந்து மின்னேற்றமற்ற ஒரு சிக்கற் சேர்வை உண்டாகும். ஏற்றம் இல்லாததால் களிமண்ணின் பரப்பில் பிடிபடாமல் நீரோடு அசையும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் வருவது இந்த வகைச் சுண்ணக்கல் நீர்தான். இது எங்கள் நீரில் யுரேனியம் இருக்கிறது என்ற கூற்று அல்ல. யுரேனியத்தைத் தடுத்து வைத்திருக்கச் சுண்ணக்கல் நிலம் ஏன் மோசமான தெரிவு என்பதற்கு விளக்கம்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஸ்டட்டைற்று. யுரேனைலோடு பேரொட்சைட்டுச் சேர்ந்து, நான்கு நீர் மூலக்கூறுகளுடன் பளிங்காவது. இயற்கைக் கனியங்களில் பேரொட்சைட்டுக் கொண்டவை இதுவும் இதன் நீர் குறைந்த வடிவமான மெற்றாஸ்டட்டைற்றும் மட்டுமே. பேரொட்சைட்டு எங்கிருந்து வருகிறது? யுரேனியம் சிதையும்போது வெளிவரும் அல்பாத் துணிக்கைகள் கல்லை ஒட்டிய மெல்லிய நீர்ப்படையை உடைத்து ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்குகின்றன. அதாவது கல் தனக்கு வேண்டிய தாக்கியைத் தானே செய்துகொள்கிறது. பாவித்த எரிபொருளைக் குளத்தில் வைத்திருந்த அமெரிக்காவின் ஹான்போர்ட்டிலும், செர்னோபிலில் உருகி உறைந்த குழம்பின் மேலும் இதைக் கண்டிருக்கிறார்கள். புதைத்த கழிவில் நீர் புகுந்தால் முதலில் எதைத் தேடவேண்டும் என்ற கேள்விக்கு இது ஒரு விடை.

எப்படித் தேடுவது? இராமன் திருசியத்தில் ஸ்டட்டைற்றுக்கு இரண்டு வலிய கோடுகள்: 820 ஐ ஒட்டி ஒன்று, 865 ஐ ஒட்டி மற்றது. முதலாவது யுரேனைலின் சமச்சீர் இழுவை, இரண்டாவது பேரொட்சைட்டின் ஒட்சிசன்–ஒட்சிசன் இழுவை. வடிவாகக் கவனிக்கவேண்டிய பொறி இங்கேதான் இருக்கிறது. நீரில் கரைந்த வெறும் யுரேனைல் அயனின் கோடு 870 இல் வரும். 865 ஐப் பார்த்து அதுதான் யுரேனைல் என்று குறித்துவிட்டால் பிணைப்பு நீளம் முழுக்கப் பிழைக்கும். சரிபார்க்க ஒரு அனுபவ வாய்பாடு உண்டு: அலைவெண்ணை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, அதால் 10650 ஐ வகுத்து, 57.5 ஐக் கூட்டினால் யுரேனியம்–ஒட்சிசன் பிணைப்பு நீளம் பிக்கோமீற்றரில் வரும். 870 க்கு 174. 820 க்கு 179. இவற்றை எக்ஸ் கதிர் அமைப்பில் அளந்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். 820 தான் யுரேனைல். கணினியில் அதிர்வின் வடிவத்தைப் பார்த்தாலும் இதே முடிவு வரும். ஆனால் கணினியை நம்புமுன் இப்படி ஒரு கைக்கணக்கு இருக்கவேண்டும்.

கனியத்தையும் வளிமண்டலத்தையும் நேரே ஒரே சமன்பாட்டில் வைக்கும் இடமும் உண்டு. சுண்ணக்கல்லும் சிலிக்காவும் சேர்ந்து கல்சியம் சிலிக்கேற்றையும் காபனீரொட்சைட்டையும் தரும் தாக்கம். காங்கேசன்துறைச் சீமெந்துச் சூளையில் கீரிமலைப் பக்கத்துச் சுண்ணக்கல் வெந்தபோது நடந்ததும் இந்த வகையான தாக்கமே. 1952 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ஹரோல்ட் யூரி இதைக் கோள்களுக்குப் பொருத்தினார். நியமப் பெறுமானங்களைப் போட்டுப் பாருங்கள்: வெப்பவுள்ளுறை மாற்றம் மூலுக்கு 89 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் கெல்வினுக்கு 161 யூல். 298 கெல்வினில் சுயாதீன சக்தி மாற்றம் +41 கிலோயூல், அதாவது சமநிலை அமுக்கம் மிகமிகச் சிறிது. பூமியில் தாக்கம் மறுபக்கமாகப் போய் காபனீரொட்சைட்டு கல்லுக்குள் அடைபடும். 735 கெல்வினில் அது −29 கிலோயூல். சமநிலை அமுக்கம் ஏறத்தாழ 120 பார். வெள்ளியில் இருப்பது மொத்தம் 92 பார், அதில் 96.5 வீதம், அதாவது 89 பார், காபனீரொட்சைட்டு. இத்தனை எளிய கணக்கு இவ்வளவு கிட்ட வருவது ஆச்சரியம்தான். ஆனால் இதைவைத்து வெள்ளியின் தரையில் சுண்ணக்கல் இருக்கிறது என்று முடிவெடுக்காதீர்கள். ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். அங்கே கந்தகவீரொட்சைட்டு உண்டு, அது சுண்ணக்கல்லைக் கல்சியம் சல்பேற்றாக மாற்றும் தன்மையுள்ளது.

120 க்கும் 89 க்கும் உள்ள வித்தியாசத்துக்கு எவ்வளவு சக்திப் பிழை போதும் என்று பாருங்கள்: ஏறத்தாழ 2 கிலோயூல். இதுதான் இந்தத் துறையின் உயிர்நிலை. சுயாதீன சக்தியில் வரும் பிழை சமநிலை மாறிலியில் அடுக்குக்குறியாகப் பெருகும். அந்தப் பெருக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது. மூலுக்கு 10 கிலோயூல் பிழைவிட்டால் வெள்ளியின் தரையில் மாறிலி 5 மடங்கு பிழைக்கும். அறை வெப்பநிலை நிலத்தடி நீரில் 56 மடங்கு. டைட்டனின் 94 கெல்வினில் மூன்றரை இலட்சம் மடங்கு. சாதாரண அடர்த்திச் சார்பியக் கணிப்பில் (இலத்திரன் அடர்த்தியிலிருந்து சக்தியைப் பெறும் கணிப்பு) 10 கிலோயூல் பிழை மிகச் சாதாரணம். ஆகவே வெள்ளியில் நம்பத்தக்க கணிப்பு டைட்டனில் பெறுமதியற்றுப் போகலாம்.

டைட்டனுக்கு இன்னொரு தடை. 94 கெல்வினில் குறிப்பிடத்தக்க ஏவற்சக்தி வேண்டிய தாக்கம் எதுவும் நடக்காது. சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே நைதரசனையும் மெதேனையும் மேல் வளிமண்டலத்தில் சூரியனின் கழியூதாக் கதிரும் சனியின் காந்தமண்டல இலத்திரன்களும் உடைக்க, பிறக்கும் தனி மூலிகங்கள் தடையில்லாமல் சேர்ந்து நைத்திரைல்களாகவும் செம்மஞ்சள் புகாராகவும் மாறுகின்றன. தாக்கவீதங்களே அங்கு ஆட்சி. கனியங்களில் பழகியவர் டைட்டனுக்குள் போகும்போது முதலில் விடும் தவறு, சமநிலைக் கணக்கை அங்கும் கொண்டுபோவதுதான்.

இனி நடைமுறை. மூலக்கூறுக்கு ஓர்கா என்ற மென்பொருள், பளிங்குக்கு குவாண்டம் எஸ்பிரெசோ. முதலாவது கல்வித் தேவைக்கு இலவசம், இரண்டாவது திறந்த மூலம். நான்கு கருவுள்ள செயலி, 16 கிகாபைற் நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். பாவிப்பதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அது வழமையாக நினைவகத்தின் பாதியையே எடுக்கும். 16 இருந்தும் 8 இல் வேலை நின்றுபோனால் அமைப்புக் கோப்பில் அதை 13 அளவுக்கு உயர்த்தவேண்டும். செயலியில் எட்டு இழை என்று காட்டினாலும் உண்மையான கருக்கள் நான்கு என்றால் நான்கு செயன்முறையே ஓட்டுங்கள். எட்டு ஓட்டினால் வேகம் கூடாது, பெரும்பாலும் குறையும். சித்திரை, வைகாசி வெக்கையில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடிப்பக்கத்தை உயர்த்திக் காற்றாடிக்கு முன் வைப்பது உண்மையாகவே மணித்தியாலங்களை மிச்சம்பிடிக்கும். மின் தடைக்கு, ஓட்டத்தின் உச்ச நேரத்தைச் செக்கனில் கொடுத்துத் தானாகவே ஒழுங்காக நிற்கச் செய்து, பின் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைப் பாவியுங்கள். நடுவில் திடீரென்று அறுந்த ஓட்டத்தின் கோப்புகள் பல வேளை பாதி எழுதப்பட்டு உதவாமல் போகும்.

முதல் வேலை காபனீரொட்சைட்டு. பீ3எல்வைபீ சார்பியத்தில் வடிவத்தைச் சீர்செய்து மீடிறனைக் கணியுங்கள், நிமிடங்களில் முடியும். சமச்சீரற்ற இழுவை 2400 ஐ ஒட்டி வரும், அளந்தது 2349. பிழை செய்துவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். கணிப்பு அதிர்வை இசை அலையி, அதாவது குறையற்ற வில்லின் ஆட்டம், என்று எடுக்கிறது, உண்மை மூலக்கூறு அப்படி இல்லை. அதனால்தான் 0.96 இலிருந்து 0.98 வரையான ஒரு குணகத்தால் பெருக்குவார்கள். சமச்சீர் இழுவைக்கு ஒரு கோடு கணிப்பில் வரும். இராமனில் 1285, 1388 என்று இரண்டு தெரியும். வளைவின் இரட்டிப்பு அதோடு கலப்பதன் விளைவு இது. இசைக் கணிப்பு இதை ஒருபோதும் காட்டாது.

இந்தக் குறை சிறியதல்ல. 2022 இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-39பீ என்ற புறக்கோளில் 4.3 மைக்கிரோமீற்றரில் காபனீரொட்சைட்டைக் கண்டது. அது நாம் மேலே கண்ட அதே 2349. கூடவே 4.05 மைக்கிரோமீற்றரில் கந்தகவீரொட்சைட்டின் அடையாளமும் வந்தது. கந்தகவீரொட்சைட்டின் அடிப்படை அதிர்வுகள் 1151, 518, 1362. 4.05 இற்குரிய அலைவெண்ணோ 2470 ஐ ஒட்டியது. அது முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்த கூட்டுப் பட்டை. இசைக் கணிப்பில் அதன் செறிவு பூச்சியம். கணித்த திருசியத்தில் இல்லை என்பதற்காக வானத்தில் இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. மறுபக்கத்தில், கோடு இருக்கிறது என்பதற்காகப் பொருளும் அதுதான் என்று சொல்லவும் கூடாது: 2020 இல் வெள்ளியில் பொசுபீன் என்று அறிவித்தது 266.94 கிகாஹேட்ஸில் இருந்த ஒற்றைக் கோட்டை வைத்து. கந்தகவீரொட்சைட்டின் கோடு ஒன்றும் அதை ஒட்டியே கிடக்கிறது. பிந்திய திருத்தங்களில் அளவு வெகுவாகக் குறைந்தது. வாதம் இன்னும் முடியவில்லை. ஒரு பொருளுக்கு ஆகக் குறைந்தது இரண்டு கோடு, அதுவும் சரியான செறிவு விகிதத்தில், இருக்கவேண்டும் என்ற ஒழுங்கை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை கல்சைற்று. இதைத்தான் யாழ்ப்பாணத்து மாணவருக்கு நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் கல்லும் உங்களிடம் இருக்கிறது. ஒரு துண்டுச் சுண்ணக்கல், ஒரு மட்டி ஓடு. ஓட்டில் இருப்பது அதே கல்சியம் காபனேற்று, ஆனால் அரகனைற்று வடிவில். ஒவ்வொன்றிலும் 1 மில்லிகிராம் எடுத்து, 110 பாகையில் உலர்த்திய 150 மில்லிகிராம் பொற்றாசியம் புரோமைட்டோடு அகேற்று உரலில் அரைத்து வில்லையாக அமுக்கிச் செங்கீழ்த் திருசியம் எடுங்கள். கல்சைற்று 712 இல் ஒற்றைக் கோடும் 875 இல் கூரிய கோடும் தரும். அரகனைற்றில் 712 க்குப் பக்கத்தில் 700 இலும் ஒன்று பிரியும், 875 இருந்த இடம் 855 ஐ ஒட்டி இறங்கும். 3400 இலும் 1640 இலும் அகன்ற பட்டை வந்தால் அது கனியத்தின் நீர் அல்ல. எங்கள் ஈரக் காற்றில் புரோமைட்டு குடித்த நீர். கல்சைற்றுக்கு நீரே இல்லை என்பதால் இங்கே அது உடனே பிடிபடும். நாளைக்கு ஐதரேற்றுக் கனியம் ஒன்றில் இதே பட்டை வரும்போது ஏமாறாமல் இருக்க இந்தப் பழக்கம் வேண்டும். மட்டி ஓட்டை நெடுநேரம் அரைக்கவேண்டாம்; அரைப்பே அரகனைற்றைக் கல்சைற்றாக மாற்றத் தொடங்கும்.

பின்னர் அதே கல்சைற்றைக் கணியுங்கள். முதன்மைக் கலத்தில் 10 அணு, 30 அதிர்வு, அதில் 3 ஒலியியல் வகை (எல்லா அணுவும் ஒன்றாக நகர்வது). கணிப்பின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் சக்தி வெட்டெல்லையை, ரிட்பேர்க் என்ற சக்தி அலகில், 40 இலிருந்து பத்துப் பத்தாக 100 வரை உயர்த்திப் பாருங்கள். சக்தியை மட்டும் பார்க்காதீர்கள், அழுத்தத்தையும் பாருங்கள். அது பிந்தித்தான் நிலைக்கு வரும். வெட்டெல்லை போதாமல் கலத்தைச் சீர்செய்தால் கலம் பொய்யாகச் சுருங்கி, எல்லா அலைவெண்ணும் நகர்ந்துவிடும். 0.001 ரிட்பேர்க் என்பது மூலுக்கு 1.3 கிலோயூல் என்று நினைவில் இருந்தால் எத்தனை தசமத்தானம் தேவை என்று தானே விளங்கும். முடிவில் 712, 875 இரண்டும் உங்கள் வில்லையின் கோடுகளோடு சில வீதத்துக்குள் ஒத்துவரும். கல்சைற்றா அரகனைற்றா கூடிய உறுதியானது என்று மட்டும் இதே கணிப்பிடம் கேட்காதீர்கள். உண்மை வித்தியாசம் மூலுக்கு ஏறத்தாழ 1 கிலோயூல். திருசியம் நன்றாக வந்தும் சக்தி நம்பமுடியாமல் இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை.

மூன்றாவது, தோரியம் ஈரொட்சைட்டு. மூன்றே அணு, இராமனில் 465 ஐ ஒட்டி ஒரேயொரு கோடு. யுரேனியம் ஈரொட்சைட்டில் தொடங்குவது கனபேர் விடும் பிழை. நான்கு வலுவளவு யுரேனியத்தில் 5எப் இலத்திரன் இரண்டு இருக்கிறது. சாதாரண சார்பியம் அதை உலோகம் என்று சொல்லும், உண்மையில் அது ஏறத்தாழ 2 இலத்திரன்வோல்ற்று இடைவெளியுள்ள குறைகடத்தி. அதைச் சரிசெய்ய, 5எப் இலத்திரன்களின் தள்ளுகைக்கு ஹபார்ட் திருத்தம் ஏறத்தாழ 4 இலத்திரன்வோல்ற்று, எதிர்ப் பெரோக்காந்த ஒழுங்கு, அதற்கும் மேலாக இலத்திரன்கள் பிழையான ஓபிற்றலில் சிக்கிக்கொள்ளும் போலி இழிவுநிலைகள். இரண்டு பேர் ஒரே உள்ளீட்டில் வேறு வேறு சக்தி பெறுவார்கள். தோரியம் +4 இல் 5எப் வெறுமை, யுரேனியம் +6 இலும் வெறுமை. ஆகவே தோரியனைற்றிலிருந்து நேரே யுரேனைல் கனியத்துக்குத் தாவுவதே சரியான பாதை. போலி அழுத்தக் கோப்பில் (உள் இலத்திரன்களுக்குப் பதிலாக வைக்கும் pseudopotential) 6எஸ், 6பீ இலத்திரன்களும் வலுவளவில் சேர்ந்திருக்கவேண்டும்: தோரியத்துக்கு 12, யுரேனியத்துக்கு 14.

ஸ்டட்டைற்று நான்காவது. முதன்மைக் கலம் 34 அணு, 102 அதிர்வு. மடிக்கணினியில் நாட்கணக்கு, ஆறுதலாக ஓடவிடுங்கள். யுரேனியத்தின் 92 இலத்திரனுக்குப் பக்கத்தில் எக்ஸ் கதிருக்கு ஐதரசன் தெரிவது கடினம் என்பதால் நீர் மூலக்கூறுகளின் திசையை நீங்கள்தான் ஊகித்து வைக்கவேண்டும். பிழையாக வைத்தால் மறை அலைவெண் வரும். −20, −30 அளவில் மூன்று மட்டும் என்றால் ஒலியியல் கூட்டல் விதியைப் போட்டால் மறையும். −150 என்றால் அமைப்பே இழிவில் இல்லை. அந்த அதிர்வின் திசையில் அணுக்களைச் சற்று நகர்த்தி, சமச்சீரைத் தளர்த்தி, மறுபடி சீர்செய்யுங்கள். ஐதரசன் பிணைப்புக்குச் சிதறல் விசைத் திருத்தம் அவசியம். மிகக் குறைந்த அலைவெண்களில் சந்தேகம் வையுங்கள்: 20 ஆக வரவேண்டியது 40 ஆக வந்தால் அறை வெப்பநிலையில் சுயாதீன சக்தி 1.7 கிலோயூல் மாறும், ஒரே ஒரு அதிர்வுக்கு.

தாக்கச் சக்தி கணிக்கும்போது ஒட்சிசன் வாயுவை நேரடியாகக் கணித்துச் சேர்க்காதீர்கள். இந்தச் சார்பியங்கள் அதன் பிணைப்பை ஏறத்தாழ 1 இலத்திரன்வோல்ற்று, அதாவது மூலுக்கு நூறு கிலோயூலுக்குச் சற்றுக் குறைய, கூட்டிச் சொல்லும். நீரையும் ஐதரசனையும் கணித்து, நீரின் அளந்த தோன்றல் சக்தியிலிருந்து ஒட்சிசனைப் பெறுங்கள். இன்னும் நல்லது, இரு பக்கமும் ஒரே வகைப் பிணைப்புகள் இருக்கும்படி தாக்கத்தைத் தெரிவது: மெற்றாஸ்டட்டைற்றும் நீரும் சேர்ந்து ஸ்டட்டைற்று ஆவது போல. ஸ்டட்டைற்று 60 பாகைக்கு மேல் நீரை இழந்து மெற்றாஸ்டட்டைற்று ஆவது ஆய்வுகூடத்தில் தெரிந்த விடயம். ஆகவே உங்கள் எண்ணை ஒப்பிட ஒரு அளவுகோல் இருக்கிறது.

கணித்தது குறையற்ற பளிங்கு என்பதையும் மறக்கக்கூடாது. இலங்கையின் சிர்க்கன் கற்கள் இதற்கு உலகறிந்த சான்று. யுரேனியம், தோரியத்தின் அல்பாச் சிதைவால் 50 கோடி ஆண்டில் பளிங்கு குலைந்து, அடர்த்தி 4.7 இலிருந்து 4 க்குக் கிட்ட இறங்கிவிட்ட பச்சைக் கற்கள் இரத்தினக்கல் வியாபாரிகளிடமே உண்டு. கழிவைச் சிர்க்கனுக்குள் பூட்டலாமா என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தேடிப்போனது இந்தக் கற்களைத்தான். நல்ல சிர்க்கனில் 1008 இல் ஊசிபோல் நிற்கும் இராமன் கோடு சேதம் கூடக்கூட அகன்று கீழே நகரும். கணிப்போ எப்போதும் ஊசியையே காட்டும். தோரியனைற்று இதைவிடப் பெரிய கதிர்த்தாக்கம் பட்டும் பளிங்காகவே இருக்கிறது. ஏன் என்பது நல்லதொரு ஆய்வுத் தலைப்பு.

யுரேனைல் உப்பை வாங்கி நீங்களே ஸ்டட்டைற்று வளர்க்க நினைத்தால், அதற்கு 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும்; தூசு நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. கணிப்புக்கு ஒரு மில்லிகிராமும் தேவையில்லை. கல்சைற்று முடிந்ததும் தோரியனைற்றுக்குப் போகுமுன், புள்ளியியல் வெப்ப இயக்கவியலில் பிரிப்புச் சார்பு வரும் பாடத்தையும் கூட்டக் கொள்கையில் எந்த அதிர்வு இராமனில் தெரியும், எது செங்கீழில் தெரியும் என்ற பகுதியையும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். 465 இல் ஏன் ஒரேயொரு கோடு என்று தாளில் எழுதிக் காட்ட முடிந்த பிறகு கணினியைத் திறக்கலாம்.